பொருநைக் கரையிற் புதியன காண்டல்

விஞ்ஞானம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் நம்மிற் பலருக்கு மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும் அமில நாற்றமுமேயாம். தமிழ் பயிலும் எம்மனோர்க்கோ அஃது அடுத்த கட்டடத்தில் வேறு சிலர் செய்யுந் தொழில். புதியதொன்றைக் கண்டுபிடித்தல் என்பது அதனினுஞ் சேய்மையில், கடல் கடந்த நாடுகளில், பெரும்பொருட் செலவில் நிகழ்வதென்று எண்ணி அமைந்துவிடுகின்றோம். இவ்வெண்ணங்கள் இரண்டும் பொருந்தாதன என்று காட்டுதலும், பாளையங்கோட்டையினின்று காலையிற் புறப்பட்டு மாலைக்குள் மீளத்தக்க இடங்களில் மாணாக்கர் ஆராய்தற்குரியன சிலவற்றைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆண்டுதோறும் கல்விக்கூடங்களில் அறிவியற் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஓரிடத்திலேனும் களிமண்ணாற் செய்த எரிமலை ஒன்று நுரை கக்கிக்கொண்டிருக்கக் காணலாம். சமையற் சோடாவோடு வினிகரைச் சேர்த்தால் நுரை எழுமென்பது அதைச் செய்த மாணவனுக்கும் தெரியும். பார்க்க வந்த நடுவருக்கும் தெரியும். அதனாற் கைத்திறன் வளரும் என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் விடை முன்னரே அச்சேறியிருக்கும்போது அதனை ஆராய்ச்சி என்று அழைத்தல் சொல்லுக்குச் செய்யும் அநீதி. எந்நூலிலும் விடை எழுதப்படாத வினாவாய், அதே வேளையில் நம் கையிலுள்ள கருவி கொண்டு விடை காணத்தக்க வினாவாய் இருப்பதுவே மாணாக்கர்க்கு உரியது. அத்தகைய வினாக்கள் அரியவென்று கருதற்க. பொருநையாற்றின் இருமருங்கும் அவை கேட்பாரின்றிக் கிடக்கின்றன.

தமிழ் மாணாக்கர்க்கு இதில் இடமுண்டோ என்பார்க்குக் கால்டுவெல் ஐயரையே சான்றாகக் காட்டலாம். 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அவரை யாவரும் அறிவர். இடையன்குடியில் வாழ்ந்த அப்பெருமகனார் மண்வெட்டி கொண்டும் வரலாறு படித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. கொற்கையிலும் காயலிலும் அவர் நிலத்தை அகழ்ந்து பார்த்தார். கிரேக்க ஆசிரியர் குறித்த முத்துத்துறையாகிய கொற்கை இன்று கடலுக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே நிற்பதேன் என்பது அவர் உள்ளத்தைக் குடைந்த வினா. பொருநை ஆண்டுதோறுங் கொணர்ந்து கொட்டும் வண்டலே கடலைப் பின்னுக்குத் தள்ளிற்று என்றும், கொற்கை தூர்ந்தபின் காயல் துறைமுகமாயிற்று என்றும், காயலும் பின்னர் அவ்வாறே தூர்ந்தது என்றும் அவர் முடிவு கட்டினார். 1881-இல் வெளியான அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இவற்றைக் காணலாம். இலக்கணம் எழுதிய அதே கைதான் ஆற்று வண்டலையும் அளந்தது.

அவ்வினா இன்னும் முற்றுப் பெறவில்லை. 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் கொற்கையில் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த கரிக்குக் கரிமக் காலக்கணிப்பால் கி.மு. 785 அளவினதென்று வயது கூறப்பட்டது. ஊரின் பழைமை இதனால் ஒருவாறு விளங்கிற்று. ஆனாற் கடற்கரை எந்த நூற்றாண்டில் எந்த வயலின் வழியே ஓடிற்று என்பதைப் படிப்படியாக வரைந்து காட்டுதற்குச் சிறு சிறு செய்திகள் பல வேண்டும். அச்செய்திகளை மாணாக்கர் திரட்டலாம். எங்ஙனமெனின், கொற்கை, ஏரல், ஆறுமுகநேரி, புன்னைக்காயல் ஆகிய ஊர்ப்புறங்களில் ஆண்டுதோறும் புதிய கிணறுகளும், வீட்டுக் கடைக்கால்களும், குழாய்க் கிணறுகளும் தோண்டப்படுகின்றன. தோண்டிய குழி ஓரிரு நாளே திறந்திருக்கும். பின்னர்ச் சுவரெழும்பி மறைந்துபோம். அவ்விரு நாளில் ஒருவன் அளவு நாடாவோடு சென்று, மேலிருந்து எத்தனை அடியில் வண்டல் முடிந்தது, எத்தனை அடியிற் களி தொடங்கிற்று, எவ்வாழத்திற் சிப்பி கண்டது என்று குறித்து, அடுக்கு ஒவ்வொன்றினின்றும் ஒரு பிடி மண்ணைத் துணிப்பையிலிட்டுச் சீட்டுக் கட்டி வைத்தானாயின், கால்டுவெல் ஐயருக்குக் கிட்டாத செய்தி அவனுக்குக் கிட்டியதாகும். இத்தகைய குழிகள் ஐம்பதின் அளவுகளை ஒரு நிலப்படத்திற் பதிந்தால், சிப்பி காணும் ஆழம் எத்திசையில் மேலெழுகின்றது, எத்திசையிற் கீழிறங்குகின்றது என்பது கண்ணுக்குப் புலனாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மண்ணிற் சங்கோ சிப்பியோ கண்டவுடனே கடல் இங்கிருந்தது என்று துள்ளுதல் கூடாது. கொற்கையிற் பண்டு சங்கறுத்து வளையல் செய்தோர் வாழ்ந்தனர். அவர்கள் கழித்தெறிந்த துண்டுகள் அங்கு மிகுதி. வாளால் அறுத்த நேர்கோடு சங்கின்மேற் காணப்படின், அதனைக் கொணர்ந்தவன் மனிதனேயன்றி அலையன்று. சிப்பி இணை இணையாக, மூடியபடியே களியிற் புதைந்திருப்பின் அஃது அங்கேயே வாழ்ந்து மடிந்தது என்று கொள்ளலாம். அன்றியும் கழிமுகத்துச் சேற்றில் வாழும் சிப்பியினம் வேறு. திறந்த கடலில் வாழும் இனம் வேறு. இவ்வேறுபாட்டை நம் விலங்கியல் துறையினர் எளிதிற் சொல்லித் தருவர். தமிழ் மாணவனும் விலங்கியல் மாணவனும் ஒரே குழியருகே நிற்கவேண்டிய காரணம் இதுவே.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நமக்கு இன்னும் ஊக்கந் தரும். சிவகளையில் முதுமக்கட் டாழிகள் நிலத்தில் முகங்காட்டிக் கிடந்ததை உலகறியச் செய்தவர் வரலாறு கற்பிக்கும் பள்ளியாசிரியர் ஒருவர். அதன் பின்னரே 2020-இல் அரசினர் அகழாய்வு தொடங்கினர். தாழி ஒன்றினுட் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்ட செய்தி 2021-இல் வெளியாயிற்று. அங்குக் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லுமென்று 2025 சனவரியில் வெளியான அறிக்கை கூறுகின்றது. அதுபற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்கின்றது. வாதம் எவ்வாறு முடியினும், அவ்வூர்ப் பெயர் நூல்களில் ஏறுதற்கு வித்திட்டது ஓராசிரியரின் கண்ணும் அவருடைய விடாமுயற்சியுமே.

ஆயினும் ஆர்வமிகுதியால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆதிச்சநல்லூர்ப் பறம்பிற்குப் புறப்படுதல் வேண்டா. உரிமம் இன்றித் தொல்லிடங்களை அகழ்தல் சட்டத்திற்கு மாறானது. அதனினும் பெரிய தீங்கு, தோண்டியெடுத்த பொருள் தன் இடத்தை இழந்து ஊமையாகிவிடுதல். எந்த ஆழத்தில், எதனருகே, எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்பது தெரியாத பானை வெறும் பானையே. ஆகையால் நிலத்தின்மேற் கிடப்பதைப் படம்பிடித்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இடத்தைக் கைப்பேசியாற் குறித்து, பொருளை அங்கேயே விட்டுத் தொல்லியல் துறைக்கு அறிவித்தலே நம் கடமை.

இவ்விதி தேரிகளுக்கும் பொருந்தும். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கங்களிற் செக்கச் சிவந்து கிடக்கும் மணற்குன்றுகளை நம்மிற் பலர் பேருந்தின் பலகணி வழியே பார்த்திருப்போம். அத்தேரிகளிற் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிச் சூய்னர், ஆல்ச்சின் என்னும் இருவர் 1956-இல் விரிவாக எழுதினர். கற்கருவி தேடுதல் பயிற்சியுடையார் தொழில். தேரி மணல் ஏன் சிவந்தது என்பதோ எவரும் தொடங்கத்தக்க ஆய்வு. அம்மணலில் ஒரு சிட்டிகையை வேதியியற் கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்திலிட்டுச் சூடேற்றினால், சிவப்பு மெல்ல மெல்லக் கரைந்து நீர் மஞ்சளாகும். எஞ்சுவது பெரும்பாலும் வெண்மணல். சிவப்பு மணலின் உடம்பன்று, அதன்மேற் போர்த்த இரும்புத் துரு என்பது அதனாற் பெறப்படும். இதுவரை நூல் கூறுவது. இனிக் கூறாதது: கடற்கரையினின்று உள்நோக்கி அரை மைலுக்கு ஒருபிடியாக மணலெடுத்துச் சென்றால், அப்போர்வை தடிக்கின்றதா, மெலிகின்றதா? தேரியின் ஓரத்திற்கும் நடுவிற்கும் வேற்றுமை உண்டா? ஒரு தராசும், மூன்று ஞாயிறு அல்லாத விடுமுறை நாள்களும் இதற்குப் போதும்.

எல்லாவற்றினும் விரைந்து செய்யவேண்டியது வெள்ளத்தைப் பற்றியது. 2023-ஆம் ஆண்டு திசம்பர் 17, 18-ஆம் நாள்களிற் பெய்த மழையை இம்மண்ணில் எவரும் மறவார். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் சராசரியாக ஓராண்டு முழுதும் பெறும் மழையினும் அது மிகுதி. வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சுவர்களிலும், ஆலயத் தூண்களிலும், மதகுகளிலும் ஒரு கறைக்கோடு நின்றது. அக்கோடு வெள்ளம் தன் கையால் எழுதிவைத்த கணக்கு. மழையளவு அரசினர் ஏட்டில் உண்டு. அணையினின்று வெளியேறிய நீரின் அளவும் உண்டு. இன்ன தெருவில், இன்ன வீட்டில், எத்தனை அடி நின்றது என்பது அவ்வீட்டாரின் நினைவிலும் அச்சுவரிலுமே உள்ளது. கிறிஸ்து பிறப்பிற்கும் பொங்கலுக்கும் வீட்டிற்கு வெள்ளையடித்தல் நம் வழக்கம். ஒவ்வொரு வெள்ளையடிப்பும் அக்கணக்கில் ஓர் ஏட்டைக் கிழித்தெறிகின்றது. இதற்குள் அழிந்தன பல. எஞ்சியவற்றையேனும் அளந்து வைத்தல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. கறை தரையினின்று எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் குறித்தாற் போதாது. தரை வீட்டுக்கு வீடு ஏறியும் இறங்கியும் இருக்கும். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரம்பிய ஒளிபுகு குழாயை யாவரும் கண்டிருப்பர். அதன் ஒரு முனையைக் கறையருகே பிடித்து, மறுமுனையை ஊர்ப்பொதுவில் அசையாது நிற்கும் ஒன்றில், அஃதாவது பாலத்தின் கைப்பிடிச் சுவர், ஆலயத்தின் முதற்படி, மைல்கல் ஆகிய ஒன்றில், பிடித்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பொதுக்குறிக்கு மேலோ கீழோ எத்தனை அளவு என்று எழுதுக. கறை அழிந்த வீட்டில் முதியோரைக் கேட்க வேண்டும். கேட்கும்போது, “ஆச்சி, வெள்ளம் எவ்வளவு வந்தது?” என்று வினவினால், “கழுத்தளவு” என்ற விடையே கிடைக்கும். “எந்த அலமாரித் தட்டு நனைந்தது? எந்தத் தட்டுத் தப்பியது?” என்று வினவினால் இரண்டு அங்குலப் பிழைக்குள் உண்மை வெளிப்படும். நினைவைக் கேட்டலிலும் ஒரு கலை உண்டு. அது மொழி பயில்வோர்க்குக் கைவரவேண்டிய கலை. ஓரூரில் இருபது இடங்களில் இவ்வாறு அளந்துவிட்டால், நீர் எவ்வழியாய்ப் புகுந்தது, எந்தத் தெரு முதலில் மூழ்கும், எவ்வீட்டு மாடி ஏறத்தக்கது என்பன தாமே விளங்கும். மறுமுறை வெள்ளம் வருங்கால் அவ்வூரார்க்கு அப்படம் உயிர்காக்கும்.

கிணறுகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவேன். ஒரே கிணற்றை மாதத்தின் முதல் நாளில், விடியற்காலை இறைக்குமுன், கல் கட்டிய கயிற்றால் அளந்து எழுதி வருதல் ஒரு சிறுவனாலும் இயலும். ஓராண்டு அளந்தாற் பயன் சிறிது. பத்தாண்டு தொடர்ந்தாற் பயன் பெரிது. இங்கேதான் நம் குறை உள்ளது. மாணாக்கர் மூன்றாண்டில் வெளியேறுகின்றனர். அவர்தம் குறிப்பேடும் பழைய புத்தகக் கடைக்குச் செல்கின்றது. விடுதி தோறும் ஒரு தடித்த ஏடு நூலகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டு, ஒரு தலைமுறை மாணாக்கர் அடுத்த தலைமுறையிடம் அதனை ஒப்புவித்தல் வேண்டும். எழுதுவோர் நாள், நேரம், இடம், அளந்த கருவி, அளந்தோர் பெயர் ஐந்தையும் விடாது எழுதவேண்டும். எதிர்பார்த்ததற்கு மாறான அளவு வந்தால் அதனைத் திருத்தி எழுதுதல் பெருந்தவறு. வந்தபடியே எழுதி, பக்கத்தில் ஐயக்குறி இடுக.

தமிழ்த் துறைக்கே சிறப்பாக உரிய வேலை ஒன்றுண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர்களை நிகண்டிலும் அகராதியிலும் படிக்கின்றோம். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு சொல்லில் உரை முடிந்துவிடுகின்றது. கடலில் வாழ்வோர்க்குக் காற்று நான்கு மூலைக்குள் அடங்குவதன்று. புன்னைக்காயல், மணப்பாடு, உவரி ஆகிய துறைகளில் மீன்பிடிப்போரிடம் திசைகாட்டி ஒன்றைக் கையிற் கொண்டு சென்று, இன்று வீசுவது என்ன காற்று என்று கேட்டுப் பெயரையும் பாகையையும் ஒருங்கே எழுதி வருக. ஓராண்டு முடிவில், ஒரே பெயர் எல்லாத் துறையிலும் ஒரே திசையைக் குறிக்கின்றதா, கரை வளையுந்தோறும் பெயரும் வளைகின்றதா என்பது தெரியவரும். எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதும் உடன் கிட்டும். இயந்திரப் படகும் கைப்பேசியில் வரும் வானிலைச் செய்தியும் பரவியுள்ள இக்காலத்தில், காற்றை முகத்தால் அறிந்த முதியோர் துறைக்குச் சிலரே உளர். அவர்கள் சென்றபின் அகராதி மட்டும் எஞ்சும். அகராதியைக் கேட்டு எவரும் பாய் விரிக்கவியலாது. கரிசல், செவ்வல், வண்டல், களர் என்னும் மண்பெயர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றிலும் பிடிமண் எடுத்து வேதியியலாரிடம் கொடுத்தால், உழவர் நாவிலுள்ள பாகுபாடு ஆய்வுக்கூடத்துப் பாகுபாட்டோடு எங்கே ஒத்தும் எங்கே மாறியும் நிற்கின்றது என்று காணலாம்.

இறுதியாக, செலவே இல்லாத ஓராய்வு. பாளையங்கோட்டையில் இருந்த இரேனியுஸ் ஐயர் 1832-இல் ‘பூமி சாஸ்திரம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அப்பூமியின் சுற்றளவை நாமே அளந்துவிடலாம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.73 பாகையில் உள்ளது. ஆகையாற் கதிரவன் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 12 அல்லது 13-லும், ஆகஸ்டு 30 அல்லது 31-லும், நேரே நம் தலைக்குமேல் வருகின்றான். அன்று நண்பகலில் நட்ட கோலுக்கு நிழலில்லை. நண்பகல் என்றது கடிகாரத்து 12 மணியை அன்று. நம் ஊர்க்கு அது 12 மணி 20 நிமிட அளவில் நிகழ்வது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட நான்கரைத் திங்களும் நம் நண்பகல் நிழல் தெற்கே விழுகின்றது. வெயிலை நாள்தோறும் வைகின்ற நம்மில் எத்தனை பேர் அதனைக் கண்டோம்?

நமக்கு நிழலில்லாத அந்நாளிற் சென்னையில் நட்ட ஒரு மீட்டர்க் கோலுக்கு நண்பகலில் ஏறத்தாழ 7.6 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அதனாற் பெறப்படும் கோணம் 4.35 பாகை. இரண்டு ஊர்க்கும் இடையே தென்வடலாக உள்ள தொலைவு 480 கிலோமீட்டர் அளவு. இதனை நிலப்படத்தில் அளக்க வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் சாலைத் தொலைவு இதற்கு உதவாது. 4.35 பாகைக்கு 480 கிலோமீட்டர் எனின் 360 பாகைக்கு 39,700 கிலோமீட்டர். உண்மையளவு 40,000-ஐ ஒட்டியது. ஆனால் நிழலளவில் அரைச் சென்டிமீட்டர் பிழைத்தாலும் விடை 2,500 கிலோமீட்டர் அளவு பிழைக்கும். கதிரவன் ஒரு புள்ளியாயின்றி அரைப் பாகை அகன்றிருத்தலின், நிழலின் முனை கூர்மையாயிராது மங்கிக் கலங்கி நிற்கும். அக்கலங்கலின் நடுவைக் குறித்தல் வேண்டும். கோல் சிறிதும் சாயாதபடி நூற்குண்டால் நிறுத்துதல் இன்றியமையாதது.

இதற்குத் துணை வேண்டும். நாகர்கோயிலிலுள்ள அன்பர்கள் பொறுத்தருள்க. அவ்வூர் மிக அணித்தாதலின், அங்கு விழும் நிழல் ஒரு சென்டிமீட்டரும் தேறாது. சென்னையில் வாழும் நம் பழைய மாணாக்கருள் மொட்டைமாடியும் ஒரு மீட்டர்க் கோலும் உடையார் எவரேனும், ஏப்ரல் 12, 13 ஆகிய இருநாளும் பகல் 12 மணிமுதல் 12 மணி 20 நிமிடம் வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை மில்லிமீட்டர்க் கணக்கில் அளந்து, அவற்றுட் குறுகியது எதுவெனத் தமிழ்த் துறைக்கு எழுதுவாராக. அவ்விரு நாளும் யாங்கள் விடுதி முற்றத்திற் கோலுடன் நிற்போம். முகில் மறைத்தால் ஆகஸ்டு இறுதியில் மீண்டும் நிற்போம்.